எடை மாறாத காசு

என் மேசை மேல் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள் இருக்கின்றன. ஒன்றில் முடிசூடிய விக்டோரியா, ஆண்டு 1882. இன்னொன்றில் ஆறாம் ஜார்ஜ், ஆண்டு 1944. இரண்டும் பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து என் கைக்கு வந்தவை. அவற்றை நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் காட்டினேன். தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தவர், "எடை ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான் தம்பி. ஆனா ராணி காசுக்குக் கொடுக்கிற விலையில ராஜா காசுக்குப் பாதிதான் வரும்" என்றார்.

பாட்டிக்கும் இது தெரிந்திருந்தது. "ராணி காசைத் தனியா முடிஞ்சு வை கண்ணு. ராஜா காசோட கலக்காதே" என்பார். பள்ளிக்கூடப் படியேறாத பாட்டி, உலோகவியலும் பொருளியலும் சேர்ந்து சொல்லும் ஓர் உண்மையை அந்த முடிச்சுக்குள் வைத்திருந்தார். எடை ஒன்று, முகத்தில் எழுதிய மதிப்பும் ஒன்று. அப்படியானால் மாறியது எது? அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. அதற்கு ஒரு சிறிய மின்னணுத் தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும்.

காசே எடைக்கல்

ரூபாய் என்ற சொல்லே வெள்ளியோடு பிறந்தது. வெள்ளியைக் குறிக்கும் 'ரூப்ய' என்ற வடசொல்தான் அதற்கு மூலம். 16ஆம் நூற்றாண்டில் ஷேர் ஷா சூரி வெளியிட்ட ரூபியா சுமார் 178 கிரெயின் எடையுள்ள வெள்ளிக்காசு. முகலாயர் அதைத் தொடர்ந்தார்கள். முகலாயப் பேரரசு தளர்ந்ததும் ஊருக்கொரு அக்கசாலை முளைத்தது. ஊருக்கொரு ரூபாயும் வந்தது. எடையில் ஒன்று கூடும், மாற்றில் (உலோகத் தூய்மையில்) இன்னொன்று குறையும். ஆற்காட்டு ரூபாயை வாங்கி வேறு ஊர் ரூபாய் கொடுப்பதென்றால் நடுவில் ஒரு நாணயமாற்றுக்காரர் உட்கார்ந்து வட்டம் பிடித்துக்கொள்வார்.

சென்னை மாகாணத்தில் வராகன், பணம், காசு என்று வேறொரு கணக்கே புழங்கியது. 1818இல் அதை மாற்றி ரூபாயை அடிப்படை நாணயமாக்கினார்கள். அந்தச் சென்னை ரூபாயின் எடை 180 கிரெயின். பன்னிரண்டு பங்கில் பதினோரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் செய்தபோது இந்த அளவைத்தான் எடுத்துக்கொண்டது. சென்னையில் இன்றும் தங்கசாலைத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே இயங்கிய நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

180 கிரெயின் என்பது இன்றைய கணக்கில் 11.66 கிராம். அதுவே ஒரு தோலா. ஆகவே கடைத்தெருவில் ரூபாயே எடைக்கல்லாகவும் ஆனது. மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. பழைய நாட்டு வைத்தியக் குறிப்புகளில் 'சுக்கு ஒரு ரூபாய் எடை' என்று எழுதியிருந்தால் அது விலையைச் சொல்லவில்லை. ஒரு ரூபாய்க் காசின் எடைக்குச் சுக்கு எடு என்கிறது. மருந்தின் அளவையே ஒப்படைக்கும் அளவுக்கு அந்தக் காசின் எடையை மக்கள் நம்பினார்கள். புழங்கித் தேய்ந்து எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்துவிட்டால் அது சட்டப்படி செல்லும் காசு ஆகாது. 0.23 கிராம் குறைந்தாலே தகுதி போய்விடும்.

செம்பு எதற்கு?

சுத்த வெள்ளியிலேயே காசு அடித்திருக்கலாமே என்று தோன்றும். அடிக்கலாம். ஆனால் சுத்த வெள்ளி மென்மையானது. ஒரே மாதிரி அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கும்போது, அழுத்தினால் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் எளிதாக வழுக்கும். பத்து வருடம் கைமாறினால் ராணியின் மூக்கு காணாமல் போகும். வெள்ளி அணுக்களுக்கு நடுவே அவற்றைவிடச் சிறிய செம்பு அணுக்கள் போய் உட்கார்ந்தால் அடுக்குகள் கோணுகின்றன, வழுக்கல் தடைபடுகிறது, உலோகம் இறுகுகிறது. நகை செய்பவர்கள் வெள்ளியில் செம்பு கலப்பதும் இதற்காகத்தான்.

எவ்வளவு செம்பு என்பதில் ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. வெள்ளிக்குள் செம்பு கரைவதற்கு ஒரு வரம்பு உண்டு. 779 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் திட வெள்ளி அதிகபட்சம் 8.8 விழுக்காடு செம்பைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் செம்பு தனிப் படிகங்களாகப் பிரிந்து நிற்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது 8.3 விழுக்காடு. அந்த எல்லைக்கு ஒரு மயிரிழை உள்ளே! படிகங்களின் அமைப்பை யாரும் கண்டறியாத காலத்தில், அடித்தும் வளைத்தும் பார்த்தே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இந்தக் கலவை காசடிக்கும் அளவுக்கு இளகும், புழங்கும் அளவுக்கு இறுகும், நிறத்தில் வெள்ளியாகவே இருக்கும்.

கணக்கை ஒருமுறை போட்டுக்கொள்வோம். 11.66 கிராமில் பன்னிரண்டில் பதினோரு பங்கு 10.69 கிராம். 1835 முதல் 1939 வரை ஆண்டு பொறித்த ஒவ்வொரு ரூபாய்க்குள்ளும் அச்சடித்த அன்று இருந்த சுத்த வெள்ளி இவ்வளவு.

வெள்ளி விலை இறங்கியபோது, ஏறியபோது

1893 வரை இந்தியாவில் யார் வேண்டுமானாலும் வெள்ளிக்கட்டியைக் கொண்டுபோய் நாணயச்சாலையில் கொடுத்துச் சிறு கட்டணத்துக்கு ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். அதனால் ரூபாயின் மதிப்பும் அதனுள் இருந்த வெள்ளியின் மதிப்பும் ஒட்டியே நடந்தன. 1870களில் அந்த உறவுக்குச் சோதனை வந்தது. அமெரிக்காவின் நெவாடா மலைகளிலிருந்து வெள்ளி கொட்டியது. ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்றது. லண்டனில் அவுன்ஸ் 60 பென்ஸ் விற்ற வெள்ளி இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. இரண்டு ஷில்லிங் அளவில் இருந்த ரூபாயும் கூடவே சரிந்தது. லண்டனுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்த இந்திய அரசு தவித்தது.

1893இல் அரசு பொதுமக்களுக்கு அந்தக் கதவை மூடியது. இனி வெள்ளியைக் காசாக்குவது அரசு மட்டுமே. ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ், என்று நிலைநிறுத்தப்பட்டது. உள்ளே இருந்த வெள்ளி அதைவிட மலிவு. காசு அதே காசு, எடை அதே எடை, மாற்றும் அதே மாற்று. ஆனாலும் அன்றிலிருந்து ரூபாய் தன் உலோகத்தின் பலத்தில் நிற்கவில்லை. அரசின் வாக்கில் நின்றது. வெள்ளித் தகட்டில் அச்சடித்த நோட்டு என்றே அதைச் சொல்லலாம்.

நோட்டைக் கொளுத்தினால் சாம்பல்தான் மிஞ்சும். வெள்ளியை உருக்கினால் வெள்ளி மிஞ்சும். ஆபத்து அங்கேதான் இருந்தது. ரூபாய் 16 பென்ஸ் என்றால், லண்டன் வெள்ளி அவுன்ஸுக்கு 43 பென்ஸைத் தாண்டும் நாளில் காசைச் செலவழிப்பதைவிட உருக்குவது லாபம். முதல் உலகப் போர் அந்த நாளைக் கொண்டுவந்தது. 1917இல் விலை 43 பென்ஸைக் கடந்தது; 1920 பிப்ரவரியில் 89.5 பென்ஸைத் தொட்டது. காசை உருக்குவது குற்றம் என்று அரசு அறிவித்தது. 1917இல் முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் இரண்டணா, நாலணா, எட்டணாக்கள் வெள்ளியை விட்டு, செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்துக்கு மாறின. எட்டணாவைக் கள்ள நாணயக்காரர்கள் சுலபமாகப் போலி செய்ததால் அது நிலைக்கவில்லை. இலங்கையிலும் இதே நெருக்கடிதான். அங்கே 80 விழுக்காடு வெள்ளியோடு வந்துகொண்டிருந்த 50, 25, 10 சதக் காசுகள் 1919இல் 55 விழுக்காட்டுக்கு இறங்கின.

இந்தியாவில் நோட்டை நீட்டி வெள்ளி கேட்கும் கூட்டம் பெருகியதால், 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் இயற்றித் தன் கருவூலத்து வெள்ளி டாலர்களை உருக்கி விற்றது. 25 கோடிக்கும் மேற்பட்ட டாலர் நாணயங்கள், சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியாகக் கடல் கடந்து இந்திய நாணயச்சாலைகளுக்கு வந்தன. அந்த ஆண்டுகளின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் உங்கள் வீட்டில் இருந்தால், அதில் ஒரு பகுதி முன்பு அமெரிக்க டாலராக இருந்திருக்கக்கூடும்.

1940: பாதி வெள்ளி

இரண்டாம் உலகப் போர் காலத்தில் கதை திரும்ப நடந்தது. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்த செய்தி வந்ததும் நோட்டை மாற்றி வெள்ளிக் காசைப் பதுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள். தேவைக்கு மேல் காசு வைத்திருப்பது குற்றம் என்று ஆணை வந்தது. இந்த முறை அரசு காசின் உள்ளேயே கை வைத்தது. 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம் கலந்த நான்கு உலோகக் கலவை அது. பிரிட்டன் 1920இல் தன் வெள்ளிக் காசுகளைப் பாதி வெள்ளியாக்கி, 1927இல் கண்டடைந்த கலவையும் இதுவே.

நான்கு உலோகங்கள் எதற்கு? பாதிக்குப் பாதி வெள்ளியும் செம்பும் மட்டும் கலந்தால், கரையாத செம்பு தனித்தனியாக நிற்கும். தேயத் தேயக் காசு சிவந்து காட்டிக்கொடுக்கும். நிக்கலும் துத்தநாகமும் அந்தச் சிவப்பை அடக்குகின்றன. அச்சடிக்கும் முன் தகட்டைச் சூடாக்கி அமிலத்தில் முக்கினால் மேற்பரப்புச் செம்பு கரைந்து, வெள்ளி மிகுந்த ஒரு மெல்லிய தோல் மிஞ்சும். புதிதாக வந்த காசு பளபளத்தது. தோல் தேய்ந்ததும் உள்ளிருந்து மங்கிய மஞ்சள் சாயல் எட்டிப் பார்த்தது. பாட்டி ராஜா காசைப் பார்த்து "பழுப்பு" என்று முகம் சுளித்தது இதைத்தான்.

எடை மட்டும் மாறவில்லை. அதே 11.66 கிராம், வெள்ளி 5.83 கிராம்தான்.

பழைய காசையும் புதிய காசையும் ஒன்றாகப் புழங்கவிட்டால் எது சந்தையில் நிற்கும்? நல்ல காசு பெட்டிக்குப் போகும். குறைந்த காசு கடைக்குப் போகும். கிரெஷம் விதி என்று பொருளியல் நூல்கள் சொல்வதும், "ராணி காசைத் தனியா முடிஞ்சு வை" என்று பாட்டி சொன்னதும் ஒன்றே. அரசுக்கும் இது தெரியும். 1941 மார்ச் முடிவில் விக்டோரியா ரூபாய்கள் செல்லாமல் போயின. 1942இல் மொட்டைத்தலை ராஜாவான ஏழாம் எட்வர்டின் காசுகளும், 1943இல் மீதமிருந்த உயர்ந்த மாற்று ரூபாய்களும் விடைபெற்றன. திரும்பி வந்த வெள்ளி உருக்குலைக்குப் போனது. திரும்பாதது கொலுசாகவும் தண்டையாகவும் அரைஞாணாகவும் ஆனது. கொஞ்சம் சுருக்குப்பைகளில் தங்கியது.

அதுவும் போதாமல் அமெரிக்காவிடம் 20 கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளி கடனாக வாங்கப்பட்டது. போர் முடிந்த பின் அவுன்ஸுக்கு அவுன்ஸ் வெள்ளியாகவே திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகக் காசிலிருந்து வெள்ளி முற்றாக விலக்கப்பட்டது. 1946இல் அரை, கால் ரூபாய்களும், 1947இல் புலி பொறித்த ஒரு ரூபாயும் நிக்கலில் வந்தன. பாதி வெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற்று, பிரித்தெடுத்த வெள்ளியைக் கொண்டு 1957இல் சுதந்திர இந்தியா அந்தக் கடனை அடைத்தது. நம் தாத்தா பாட்டிகள் காய்கறி வாங்கிய சில்லறை, ஒரு நாட்டின் போர்க்கடனைத் தீர்த்திருக்கிறது.

தண்ணீரைக் கேட்போம்

இப்போது தராசை எடுப்போம். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு வேண்டும்.

முதலில் காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுக்க மூழ்க வேண்டும். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. குமிழிகள் ஒட்டினால் ஒரு சொட்டு சோப்பு நீர் போதும். காசைத் தாங்குவது உங்கள் கை. ஆனாலும் தராசு ஒரு சிறு எடையைக் காட்டும். அது காசு விலக்கிய தண்ணீரின் எடை. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால், அந்த எண்ணே காசின் கன அளவு. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். ஆர்க்கிமிடீஸ் மன்னனின் மகுடத்தைச் சோதித்ததாகச் சொல்லும் கதையின் தத்துவம் இதுவே.

என் விக்டோரியா ரூபாய் தேய்ந்து 11.52 கிராம் இருந்தது. தண்ணீரில் தராசு 1.12 காட்டியது. அடர்த்தி 10.29. ஆறாம் ஜார்ஜ் 11.61 கிராம்; தண்ணீரில் 1.22, அடர்த்தி 9.52.

இந்த எண்கள் சொல்வது என்ன? சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96, நிக்கல் 8.9, துத்தநாகம் 7.14. பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளிக் கலவைக்குக் கணக்குப் போட்டால் 10.34 வரும், பாதி வெள்ளிக் கலவைக்கு 9.53. நூறில் ஒரு கிராம் முன்னே பின்னே போனால் அடர்த்தி 0.09 மாறும். அந்தப் பிழைக்கு இடம் விட்டாலும் இரண்டு காசுகளும் தெளிவாகப் பிரிகின்றன. எடைக்கல் பார்க்க முடியாததைத் தண்ணீர் பார்த்துவிட்டது. தேய்மானம் இந்தச் சோதனையைக் கெடுப்பதில்லை. தேயும்போது எடையும் கன அளவும் சேர்ந்தே குறைவதால் அடர்த்தி அப்படியே நிற்கிறது.

கண்ணால் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். 1940 முதல் வந்த ரூபாயின் விளிம்பில், வரிகளின் நடுவே காசைச் சுற்றி ஒரு குழிவான கோடு ஓடும். கள்ள நாணயத்தைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. பழைய ரூபாய்க்கு வெறும் வரிகள்தான். 1940ஐ ஒட்டிய சில்லறைகளில் ஆண்டை மட்டும் நம்பாமல் தண்ணீரையும் கேளுங்கள். 1947 நிக்கல் ரூபாய் காந்தத்தில் சட்டென ஒட்டிக்கொள்ளும்; வெள்ளி ஒட்டாது. ஆனால் செம்பும் ஈயமும்கூட ஒட்டாது என்பதால், காந்தம் நிக்கலை விலக்க உதவுமே தவிர வெள்ளியை உறுதிசெய்யாது. நகைக்கடையின் எக்ஸ்-கதிர் கருவி மேற்பரப்பின் மெல்லிய அடுக்கைத்தான் படிக்கிறது. பாதி வெள்ளிக் காசின் வெள்ளித் தோல் அதையும் சற்று ஏமாற்றலாம். தண்ணீர் மட்டுமே காசு முழுவதையும் ஒரே நேரத்தில் அளக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். அனுமன் உருவமும் 1818 என்ற ஆண்டும் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு வரும் 'ஓர் அணா'க்களைக் கம்பெனி ஒருநாளும் வெளியிட்டதில்லை. அவை பிற்காலத்தில் செய்த வில்லைகள். அரிசியை இழுக்கும் என்று காட்டி லட்சக்கணக்கில் பணம் பறிக்கும் 'ரைஸ் புல்லிங்' கும்பலின் கருவியும் இவைபோன்ற காசுகளும் சொம்புகளும்தான். அரிசியை இழுக்கும் உலோகம் உலகில் கிடையாது. வீட்டை அடகு வைத்து ஏமாந்த குடும்பங்களுக்கு இந்த ஒரு வரி முன்பே போய்ச் சேர்ந்திருக்கக்கூடாதா என்று ஏங்குகிறேன்.

மூன்று மதிப்புகள்

ஒரு பழைய வெள்ளிக் காசுக்கு மூன்று மதிப்புகள் உண்டு. முதலாவது முகமதிப்பு. ஒரு ரூபாய் என்ற அந்த வாக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. இரண்டாவது உலோக மதிப்பு. பழைய ரூபாயில் 10.69 கிராம் வெள்ளி, அரை ரூபாயில் 5.34, கால் ரூபாயில் 2.67, இரண்டணாவில் 1.34, பாதி வெள்ளிக் காசுகளில் முறையே 5.83, 2.92, 1.46. அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பழைய ரூபாயில் 1,069 ரூபாய்க்கும், 1944 ரூபாயில் 583 ரூபாய்க்கும் வெள்ளி இருக்கிறது. தேய்மானத்தையும் உருக்குச் சேதாரத்தையும் கழித்துத்தான் கடையில் தருவார்கள்.

மூன்றாவது, சேகரிப்பவர் தரும் மதிப்பு. இதற்கு வெள்ளி விலையோடு உறவே இல்லாமல் போகலாம். 1911 ரூபாயைப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் யானை, துதிக்கை குட்டையாகப் பொறிக்கப்பட்டதால் பன்றி போலத் தெரிந்தது. மக்கள் கொதித்தார்கள். அடித்த 94 லட்சம் காசுகளில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தன, மீதி உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டு யானைக்குத் துதிக்கை நீண்டது. 1939 ரூபாயும் பெரும்பாலும் உருக்குலைக்கே போனதால் அரிதாகிவிட்டது. இவற்றுக்குள் இருப்பதும் அதே 10.69 கிராம்தான். விலையை ஏற்றுவது அபூர்வம்.

அந்த மூன்றாவது மதிப்பை நாம் பெரும்பாலும் பூசையறையில்தான் இழக்கிறோம். வெள்ளி கறுப்பது அழுக்கினால் அல்ல. காற்றில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. அந்தப் படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சளாகவும், தடிக்கத் தடிக்கப் பழுப்பாகவும் நீலமாகவும், கடைசியில் கறுப்பாகவும் தெரியும். விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். ஆனால் அதன் நுண்துகள்கள் படலத்தோடு வெள்ளியையும் சுரண்டும். குத்துவிளக்குக்கு அது பரவாயில்லை. நூறு ஆண்டு கடந்த காசில் ராணியின் முடிக்கற்றை ஒருமுறை மழுங்கினால் மழுங்கியதுதான். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். அதில் கந்தகம் இருக்கிறது. தேய்க்காதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுத்து, உலர்ந்த காகித உறையில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, உருக்கும் முன் ஒருமுறை ஆண்டைப் படியுங்கள். உருக்கினால் பத்துக் கிராம் வெள்ளி மிஞ்சும். ஆனால் அந்த 1882, அந்த முகம், யாரோ கொடுத்து யாரோ வாங்கிய தேய்மானம் எதுவும் மிஞ்சாது. வெள்ளியை எந்தச் சுரங்கத்திலிருந்தும் திரும்ப எடுக்கலாம். அந்தக் காசை எடுக்க முடியாது.

சோதனை முடிந்ததும் இரண்டு காசுகளையும் துடைத்துத் துணியில் வைத்தேன். ராணி காசைத் தனியாக முடியச் சொன்ன பாட்டியின் கணக்கு சரிதான் என்று தண்ணீர் சாட்சி சொல்லிவிட்டது. ஆனாலும் நான் இரண்டையும் ஒரே முடிச்சில்தான் போட்டேன். ஒன்று தன் வெள்ளியின் பலத்தில் புறப்பட்டு வந்தது. மற்றொன்று பாதி வெள்ளியும் பாதி வாக்குமாக வந்தது. பாட்டி எதைக் கொடுத்தாலும் ஒரு ரூபாய்க்கான அரிசியைத்தான் வாங்கியிருப்பார். வெள்ளி எங்கே தேய்ந்தது, வாக்கு எங்கே தொடங்கியது என்பதை, அடுத்த தலைமுறை ஒரு டம்ளர் தண்ணீரில் பார்க்க வேண்டுமானால் இரண்டு காசுகளும் சேர்ந்தே இருக்க வேண்டும்.